தூக்கவே விடாத முயலை வீட்ல எப்படி செக் பண்றது?

"என் முயல் கை வெச்சாலே கட்டிலுக்கு அடியில போயிடுது, பல்லு, நகமெல்லாம் எப்படிங்க பாக்கறது?" இந்தக் கேள்வி நிறைய பேர்கிட்டருந்து வந்திருக்கு. எங்க வீட்டு மிளகும் அப்படித்தான். மூணு வயசு, 1.8 கிலோ, தூக்கினா பிடிக்காது.

பிடிக்காததுக்குக் காரணம் இருக்கு. முயலைப் பொறுத்தவரைக்கும் கால் தரையை விட்டுப் போச்சுன்னா, யாரோ கவ்விட்டாங்கன்னு அர்த்தம். இரையா வாழ்ற பிராணி இது. அதனாலதான் நோயையும் வெளிய காட்டாது, முடியலன்னு தெரிஞ்சா முதல் ஆளா மாட்டிக்கும் இல்லையா? எரர் லாக் எதுவும் எழுதாம ஓடிட்டு, திடீர்னு படுத்துடற சர்வர் மாதிரி. செக் பண்ணாம விடவும் முடியாது, மல்லுக்கட்டவும் கூடாது.

என் வழி சிம்பிள். தொடாமலே தெரிஞ்சுக்க முடியறதை முதல்ல பாத்துடறது, தூக்கறதைக் கடைசிக்குத் தள்ளறது.

தொடாம நிறைய தெரியும். தினமும் புழுக்கையைப் பாருங்க. உருண்டையா, ஏறக்குறைய ஒரே அளவுல இருக்கணும். சின்னதாயிடுச்சு, குறைஞ்சிடுச்சுன்னா வயிறு மெதுவாகுதுன்னு அர்த்தம். அப்புறம் எடை. சமையலறை டிஜிட்டல் தராசு மேல ஒரு பிளாஸ்டிக் டப், உள்ள ஒரு துண்டு, அதை ஜீரோ பண்ணிட்டு ரெண்டு கொத்தமல்லித் தண்டு போட்டா மிளகு தானாவே ஏறி உக்காந்துக்கும். வாரம் ஒரு தடவை, அதே நேரத்துல. 1.8 கிலோ முயலுக்கு 100 கிராம் குறையறது, 60 கிலோ ஆளுக்கு 3 கிலோவுக்கு மேல குறையற மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும்.

அடுத்தது தரையில. டைல்ஸ் வழுக்கினாலே பயந்துடும், அதனால யோகா மேட் விரிச்சு நீங்களும் கீழ உக்காருங்க. நேரா மூக்குக்கு முன்னாடி கையை நீட்டாதீங்க, அந்த இடம் அதுக்குச் சரியாத் தெரியாது. நெத்தியிலயும் கன்னத்துலயும் தடவிட்டே ஒரு நாள் காது உள்பக்கம், இன்னொரு நாள் முன்னங்கால். காலோட உள்பக்க முடி சிக்குப் பிடிச்சிருந்தா கவனிங்க. மூக்கு ஒழுகறதைக் காலாலேயே துடைச்சுக்கும், மூக்கு மட்டும் சுத்தமா இருக்கும்.

பல்லுக்கு மேலுதட்டை லேசா விலக்கி மூணு செகண்டு போதும். முன்பல்லு நேரா ஒண்ணோட ஒண்ணு பொருந்தி இருக்கணும். வாழ்நாள் முழுக்க வளர்ற பல்லு, தேயலைன்னா வளைஞ்சிடும். மொத்தம் 28 பல்லு, கடைவாய்ப் பல்லெல்லாம் வீட்ல பாக்க முடியாது, அது டாக்டர் வேலை. ஆனா தாடை ஈரமா இருந்தாலோ, வைக்கோலை விட்டுட்டு மெதுவானதை மட்டும் சாப்பிட்டாலோ பல்லைச் சந்தேகப்படுங்க.

இங்க ஒரு விஷயம். ரீல்ஸ்ல முயலை மல்லாக்கப் படுக்க வெச்சு, "தூங்கிடுச்சு பாருங்க, எவ்ளோ க்யூட்"னு போடறாங்களே, அது தூக்கம் இல்லைங்க. பயத்துல உறைஞ்சு கிடக்குது. தப்பிக்க வழியில்லாதப்ப செத்த மாதிரி நடிக்கறது. வயித்துப் பக்கம் பாக்கணும்னா, ஒரு தழையை உயரமா காட்டுங்க, பின்னங்கால்ல எழுந்து நிக்கும். இல்லன்னா செல்ஃபி கேமராவை ஆன் பண்ணித் தரையில வெச்சு அது மேல தாண்ட விடுங்க. பின்பக்கத்தை மட்டும் தினமும் பாக்கணும், மழைக்காலத்துல கண்டிப்பா. அழுக்கு ஒட்டியிருந்தா ஈ முட்டை போடும், ஒரே நாள்ல புழு வெச்சிடும். புழுவைப் பாத்தா அப்பவே டாக்டர்.

தூக்கியே ஆகணும்னா ஒரு கை நெஞ்சுக்கு அடியில, இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில, உங்க உடம்போட அணைச்சு. காதைப் பிடிச்சுத் தூக்கறதை எங்க பாத்தாலும் தடுத்துடுங்க. முயலோட எலும்புக்கூடு உடம்பு எடையில சுமார் 8 சதவீதம்தான், பின்னங்கால் தசையோ பயங்கர பலம். அந்தரத்துல ஓங்கி உதைச்சா அதோட முதுகெலும்பே உடையலாம். நீங்க தரையில உக்காந்திருந்தா, துள்ளி விழுந்தாலும் பெரிசா அடிபடாது.

நகத்துக்குத்தான் நிஜமாவே பொறுமை வேணும். மொத்தம் 18, முன்னங்காலுக்கு அஞ்சு, பின்னங்காலுக்கு நாலு. எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிக்கணும்னு யாரு சொன்னா? நாங்க நாளைக்கு ஒரு கால். துண்டைத் தளர்வா சுத்தி, மூக்கை ஃப்ரீயா விட்டு, ஒரு காலை மட்டும் வெளிய எடுங்க. சென்னை மே மாசத்துல இதை விடியக்காலைல வெச்சுக்கங்க, துண்டு சூடு ஏத்தும். கறுப்பு நகமா இருந்தா பின்னாடி மொபைல் டார்ச் அடிச்சா ரத்த நாளம் தெரியும், அதுக்கு முன்னாடியே நிறுத்திடணும். கொஞ்சம் ரத்தம் வந்தா கார்ன்ஃபிளவர் வெச்சு அழுத்திப் பிடிங்க. காலைத் தரையில தட்டுச்சா? அன்னிக்கு அவ்வளவுதான், நாளைக்குப் பாத்துக்கலாம்.

தள்ளிப் போடவே கூடாதது ஒண்ணு. 12 மணி நேரமா சாப்பிடல, புழுக்கையும் இல்லன்னா "காலைல பாத்துக்கலாம்"னு இருக்காதீங்க, அன்னிக்கே கூட்டிட்டுப் போகணும். நாய், பூனை பாக்கற எல்லாருக்கும் முயல் பழக்கமிருக்காது, அதனால முயல் பாக்கற டாக்டர் நம்பரை இப்பவே போன் பண்ணி விசாரிச்சு சேவ் பண்ணிக்கங்க. போகும்போது அந்த எடைக் கணக்கையும் காட்டுங்க. அவர் கேக்கற முதல் சில கேள்விகள்ல, எப்பருந்து இப்படி இருக்குங்கறது கண்டிப்பா இருக்கும்.