பூசணிப் பிஞ்சும் தேன் போத்தலும்

சில வாரங்களுக்கு முன் இரத்மலானையிலே நண்பரொருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். வளவின் மூலையிலே பூசணிக்கொடி மதிலேறிப் படர்ந்து பூத்திருந்தது. ஆயினும் வீட்டு அம்மையாரின் முகத்திலே மலர்ச்சியில்லை. "பூவுக்குக் குறைவில்லை, பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுகின்றனவே! யார் கண் பட்டதோ?" என்றார். எட்டாம் வகுப்பிற் பயிலும் மகளோ, "உரம் போதாது, அம்மா" என்றாள்.

கண்ணும் படவில்லை, உரமும் குறையவில்லை, குறைந்தது தேனீயே. பூசணியிலே ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. அதன் மகரந்தம் பசையுள்ளது, கனமானது. காற்று அதனைச் சுமப்பதில்லை. பூவோ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்தாக வேண்டும். அம்மையாரோ இலை தின்னும் வண்டுக்கென நாள்தோறும் காலையிலேயே மருந்து தெளித்து வந்தார்! பூ வாடிய பின், மாலையில், தவிர்க்க முடியாதவிடத்து மட்டும் தெளிக்கலாம் என்றோம். மறுநாள் விடியலில் ஆண்பூவொன்றின் இதழ்களைக் களைந்து, பெண்பூவின் சூல்முடியிலே தடவும்படி சிறுமிக்குச் சொல்லிக் கொடுத்தோம்.

"எங்கள் வளவில் பூவிருப்பது தேனீக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் வினவினாள். நல்ல வினா. பூவைக் கண்டு மீண்ட தேனீ, அடையின்மேல் நடனமாடித் திசையையும் தூரத்தையும் தன் கூட்டத்துக்கு உணர்த்துகின்றது. இதனை ஆராய்ந்தறிந்த கார்ல் வொன் பிரிஷ் 1973 இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவர் 1950களில் இலங்கைக்கே வந்து நம் நாட்டுத் தேனீக்களின் நடனங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார் என்பதை நம் மாணவர் பலர் அறியார். மரப்பொந்தின் இருளில் வாழும் தேனீ செங்குத்தான அடையிலே ஆடுகின்றது. கிளையிலே சிறு கூடு கட்டும் கொம்புத்தேனீயோ அடையின் தட்டையான உச்சியில் நின்று, பூவிருக்கும் திசையை நேராகவே காட்டிவிடுகின்றது.

இவ்வாறு பேசியிருக்கையில் பாட்டியார் ஒரு போத்தலைக் கொணர்ந்தார். "அடியிலே சீனி படிந்திருக்கிறது; கலப்படந்தானே?" என்றார். அப்படிக் கொள்ளலாகாது. தேனிலுள்ள குளுக்கோசு தானே படிகமாகும். போத்தலை இளஞ்சூட்டு நீரில் வைத்தாற் கரைந்துவிடும். பூவின் மது பெரும்பாலும் நீரே. தேனீக்கள் சிறகடித்து அதனை வற்றச்செய்து, ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு நீரே எஞ்சும்போது மெழுகால் மூடுகின்றன. ஈரக்குறைவும் புளிப்புத்தன்மையும் கிருமிகளை வளரவிடா. எனினும் நம் நாட்டுத் தேனில் ஈரம் சற்று மிகுதியாதலால், இறுக மூடாவிடிற் புளித்துப்போதல் உண்டு.

பின்னரே அறிந்தோம், அந்தத் தேன் அடுத்த மாதம் பிறக்கவிருக்கும் பூட்டப்பிள்ளையின் நாவிலே தொட்டு வைப்பதற்கென்று. இங்கு நாம் வாளாவிருக்க இயலவில்லை. பொட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் தேனில் இருத்தல் கூடும். பெரியவர்களின் குடலிலே அவை முளைப்பதில்லை. பச்சிளங் குழவியின் குடலிலே முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைத் தளரச்செய்து, மூச்சையும் தடுக்கக்கூடும். தேனைக் காய்ச்சினும் அவ்வித்துகள் அழிவதில்லை. குழந்தைகளிடையே இந்நோய் 1976 இலேயே இனங்காணப்பட்டது. ஓராண்டு நிறையும்வரை துளித் தேனும் கூடாது என்பதே மருத்துவர் கூற்று.

"நாங்களெல்லாம் தேன் தொட்டு வளர்ந்தவர்கள்தானே!" என்றார் பாட்டியார். உண்மைதான், அரிதாக வரும் நோயே. ஆனால் எந்தக் குழந்தைக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்வார் யார்? முதலாவது பிறந்தநாளன்று தொட்டு வையுங்கள் என்றோம்.

அவர் மறுமொழி கூறவில்லை. சற்று நேரம் போத்தலைப் பார்த்திருந்துவிட்டு, அதனை அலுமாரியின் மேற்றட்டிலே கொண்டுபோய் வைத்தார்.