ஆரல்வாய்மொழி வழியே குமரிமுனைக்கு



குமரிமுனையைக் காண வருகின்ற பிரயாணிகளில் பெரும்பாலோர், எந்த வண்டியில் ஏறுவது, எங்கே இறங்குவது என்ற இரண்டை மட்டுமே விசாரித்துக்கொண்டு புறப்பட்டு விடுகின்றனர். செல்லும் வழியிலுள்ள நிலம் எத்தகையது, ஞாயிறு எத்திசையில் எழுந்து எத்திசையில் மறைகிறது, கடல் எப்பொழுது அடங்கியிருக்கும், எப்பொழுது சீறும் என்பனவற்றை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆரல்வாய்மொழியில் பிறந்து, நாஞ்சில் நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பல ஆண்டுகள் மாணவர் குழுக்களைக் குமரிக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு, குமரிக்குச் செல்லும் வழியையும், சென்றபின் சுற்றிப் பார்க்கும் முறையையும் இங்கே விளக்க முற்படுகிறேன்.

முதலில் வாயிலைக் காண்போம். மேற்குத் தொடர்ச்சி மலை தபதி ஆற்றின் அருகே தொடங்கி, ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தூரம் தெற்கு நோக்கி நீண்டு வருகிறது. இத்துணை நீளமான மதிலில் வண்டிகள் எளிதாகக் கடக்கத்தக்க தாழ்ந்த வாயில்கள் சிலவே உள்ளன. தமிழகத்திலிருந்து மேற்கே செல்வதற்குப் பாலக்காட்டுக் கணவாயும், செங்கோட்டைக் கணவாயும், ஆரல்வாய்மொழிக் கணவாயும் பண்டு முதல் பயன்பட்டு வந்தன. இவற்றுள் தென்கோடியில் உள்ளது எங்கள் ஆரல்வாய்மொழி.

வாயில் என்றால் காவலும் இருக்கத்தானே வேண்டும்? திருவிதாங்கூர் மன்னர்கள் இங்கே கோட்டை மதில் அமைத்துக் காவல் வைத்திருந்தனர். வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தபோது, 1809ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கும்பினிப் படை இந்த அரணைத் தாக்கிக் கைப்பற்றியே திருவிதாங்கூருக்குள் நுழைந்தது. அதற்கு முன்னர், 1752ஆம் ஆண்டில், தேவசகாயம் பிள்ளை உயிர் நீத்த காற்றாடிமலையும் இவ்வூரில்தான் இருக்கிறது. அவருக்கு 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமாபுரியில் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை இராஜ்யத்தோடு இணைந்தது. அதுவரை இரண்டு இராஜ்யங்களின் எல்லையாக இருந்த இவ்விடம், அன்று முதல் ஒரே நாட்டின் இரண்டு மாவட்டங்களுக்கு இடைப்பட்ட வழியாயிற்று.

இனி, வழிகளைப் பார்ப்போம். திருநெல்வேலியிலிருந்து தெற்கே வரும் பெருஞ்சாலை நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வழியாகக் காவல்கிணற்றை அடைகிறது. அவ்விடத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நேரே தெற்கே சென்று குமரியில் முடிகிறது. காசுமீரத்துச் சிறீநகரிலிருந்து வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இதுவே. மற்றொரு கிளை மேற்கே திரும்பி, முப்பந்தல், ஆரல்வாய்மொழி, தோவாளை வழியாக நாகர்கோவிலுக்குச் செல்கிறது. ஆகவே, குமரிக்கு மட்டும் செல்வோர் கணவாய்க்குள் நுழைய வேண்டுவதில்லை. நாகர்கோவிலுக்குச் செல்வோர் நுழைந்தே ஆகவேண்டும். பேருந்தில் ஏறுமுன் அது எவ்வழியாகச் செல்லும் என்று நடத்துநரைக் கேட்டறிவது நலம்.

புகைவண்டியின் வழி வேறு. நான் பள்ளியில் படித்த நாட்களில் இம்மாவட்டத்தில் புகைவண்டியே கிடையாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதனைக் காண வேண்டுமானால் திருநெல்வேலிக்குப் பேருந்தில் செல்ல வேண்டியிருந்தது. 1979ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் குமரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டில் திருநெல்வேலிப் பாதை வந்து நாகர்கோவிலில் சேர்ந்தது. இதனால்தான் சென்னையிலிருந்து வரும் வண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து மேற்கே நாகர்கோவிலுக்குச் சென்று, பின்னர் தென்கிழக்காகத் திரும்பிச் சுசீந்திரம் வழியே குமரியை அடைகிறது. சில வண்டிகள் நாகர்கோவிலோடு நின்றுவிடும். அவற்றில் வருவோர் அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பேருந்தில் செல்லலாம். அசாம் மாநிலத்துத் திப்ருகட்டிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வரும் விவேக் விரைவுவண்டியும் குமரி நிலையத்தில்தான் தன் ஓட்டத்தை முடிக்கிறது. விமானத்தில் வருவோருக்கு அண்மையில் உள்ளது திருவனந்தபுரம் நிலையம்.

கணவாயைக் கடக்கும்போது வண்டியின் பலகணி வழியே கவனியுங்கள். கிழக்கே செம்மண் நிலமும் பனைமரங்களும் உடன்வரும். கணவாயைத் தாண்டியதும் வயலும் தென்னந்தோப்பும் குளங்களும் தோன்றும். சில கிலோமீட்டர் தூரத்திற்குள் நிலம் இவ்வாறு மாறக் காரணம் என்ன? தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பகுதியை மலை தடுத்து மேற்குப்புறத்திலேயே பெய்வித்து விடுகிறது. கிழக்குப்புறம் மழை மறைவு நிலமாக நின்றுவிடுகிறது. நாஞ்சில் நாட்டுக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரண்டு பருவங்களிலும் மழை உண்டு.

மழையைக் கொடுத்துவிட்ட காற்று கணவாயின் இடுக்கில் நெருங்கிப் புகுந்து வேகம் கொள்கிறது. நீர் பாயும் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் எவ்வாறு பீறிட்டுப் பாய்கிறதோ, அவ்வாறே காற்றும் பாய்கிறது. எங்கள் ஊரில் ஆனி, ஆடித் திங்கள்களில் குடை பிடித்து நடப்பது பெருஞ்சாதனை. அந்தக் காற்றைக் கொண்டுதான் இன்று முப்பந்தல் சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 1,500 மெகாவாட்டுத் திறனுடைய காற்றாலைகள் மின்சாரம் ஆக்குகின்றன. முன்னோர் தொல்லை என்று கருதியதைப் பின்னோர் செல்வமாக மாற்றியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

குமரியை அடைந்துவிட்டோம் என்று கொள்வோம். அங்கே வாகனம் தேடி அலைய வேண்டாம். பகவதியம்மன் திருக்கோயில், காந்தி மண்டபம், காமராசர் மண்டபம், படகுத்துறை ஆகிய யாவும் நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கின்றன. காலத்தைத் திட்டமிடுவதுதான் முக்கியம்.

வைகறையில் ஞாயிறு எழுவதைக் காண வேண்டும். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. குமரி ஏறத்தாழ 77½ பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் 5 பாகைக்கு 20 நிமிடம் தாமதமாகும். ஆகையால் இங்கே வைகாசியில் 6 மணியை ஒட்டியும், தை மாதக் கடைசியில் 6.40 மணியை ஒட்டியும் ஞாயிறு எழும். அதற்கு அரைமணி முன்னதாகக் கரையில் நின்றால் விடியலின் வண்ணங்கள் முழுவதையும் காணலாம்.

குமரியில் ஞாயிறு கடலில் எழுந்து கடலிலேயே மறையும் என்று எல்லோரும் சொல்வர். எழுவது ஆண்டு முழுவதும் கடலில்தான். மறைவதோ அப்படியன்று. குமரியிலிருந்து மேலைக்கடற்கரை நேர் மேற்கே செல்லாமல் சற்று வடமேற்காகச் சாய்ந்து செல்கிறது. கோடையில் ஞாயிறு மேற்குக்கு வடக்கே ஒதுங்கி மறைவதால் நிலப்பகுதியின் பின்னே போய்விடுகிறது. அக்டோபர் முதல் மார்ச்சு வரையில் மேற்குக்குத் தெற்கே சாய்வதால் கடலிலேயே மூழ்குகிறது. இதனை அறியாமல் மே மாத விடுமுறையில் வந்து ஏமாந்து திரும்புவோர் பலர்.

சித்திரைப் பௌர்ணமியன்று மேற்கே ஞாயிறு மறைவதையும் கிழக்கே முழுமதி எழுவதையும் ஒரே வேளையில் காண மக்கள் திரளுவர். பௌர்ணமி நாளில் திங்கள் ஞாயிற்றுக்கு நேர் எதிரே நிற்பதால், எந்த ஊரிலும், எந்தப் பௌர்ணமியிலும், ஒன்று மறையும் வேளையை ஒட்டியே மற்றொன்று எழும். ஆயினும் மற்ற ஊர்களில் வீடும் மரமும் குன்றும் தொடுவானத்தை மறைத்துவிடுகின்றன. குமரியில் திறந்த கடல்வெளி இருப்பதால் நம் கண்ணுக்கு அக்காட்சி கிட்டுகிறது.

காந்தி மண்டபத்திலும் ஒரு வானியல் பாடம் உண்டு. 1948ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் காந்தியடிகளின் அஸ்தி குமரிக் கடலில் கரைக்கப்பட்டது. அஸ்திக் கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில் மண்டபம் எழுந்தது. அண்ணல் பிறந்த அக்டோபர் 2ஆம் நாள் நண்பகலில், கூரையிலுள்ள துளை வழியாகக் கதிரவன் ஒளி அவ்விடத்தில் விழுமாறு அதனைக் கட்டியுள்ளனர். அந்நாளில் ஞாயிறு உச்சியிலிருந்து எத்தனை பாகை தெற்கே சாயும் என்று கணக்கிட்ட பின்னரே அத்துளைக்கு இடம் குறித்திருக்க வேண்டும்.

காலை உணவு முடிந்ததும் படகுத்துறைக்குச் செல்லுங்கள். விடுமுறை நாட்களில் வரிசை மிக நீளும். தமிழக அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகுகளை இயக்குகிறது. 1892ஆம் ஆண்டு டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் தவமிருந்த பாறையில் எழுப்பப்பட்ட நினைவகம் 1970ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அடுத்த பாறையில் நிற்கும் திருவள்ளுவர் சிலையைக் கணபதி ஸ்தபதி வடித்தார். 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் அது திறந்துவைக்கப்பட்டது. சிலையும் பீடமும் சேர்ந்து 133 அடி. இது குறளின் அதிகாரத் தொகை. பீடத்தின் 38 அடி அறத்துப்பாலின் அதிகாரங்களையும், சிலையின் 95 அடி பொருட்பால், இன்பத்துப்பால் ஆகியவற்றின் அதிகாரங்களையும் குறிக்கும். முன்னாளில் கடல்நீர் தாழ்ந்தால் சிலைப் பாறைக்குப் படகு செல்ல இயலாது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் இரு பாறைகளுக்கும் இடையே 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டதால் அக்குறை தீர்ந்தது.

எனினும் காற்று மிகுந்தாலும் அலை உயர்ந்தாலும் படகுகள் நின்றுவிடும். ஓர் ஆண்டு எங்கள் குழு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதே படகு நிறுத்தப்பட்டது. "வானம் தெளிவாகத்தானே இருக்கிறது, ஐயா? ஏன் நிறுத்தினார்கள்?" என்று ஒரு மாணவி வருத்தத்தோடு கேட்டாள். அந்த வினாவுக்குரிய விடையை நீங்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். இந்தப் பேச்சின் மிக முக்கியமான பகுதி அதுதான்.

வானம் தெளிவாக இருப்பதைக் கொண்டு கடலை நம்புதல் ஆகாது. குமரிக்குத் தெற்கே தென்துருவப் பெருங்கடல் வரையில் அலையைத் தடுக்க நிலமே இல்லை. அங்கே எங்கோ ஒரு புயல் வீசினால், அது எழுப்பிய நீண்ட அலைகள் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து, சில நாட்களுக்குப் பின் நம் கரையை வந்து தாக்கும். இங்கே காற்று இராது, மழை இராது, மேகமும் இராது. கள்ளனைப் போல் ஓசையின்றி வருவதால் மீனவர் இதனைக் 'கள்ளக்கடல்' என்பர். 2024ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நாகர்கோவிலுக்கு அருகே கணபதிபுரம் கடற்கரையில், மருத்துவக் கல்லூரி மாணவர் ஐவர் இத்தகைய அலையில் சிக்கி மாண்டனர். பிறர் உயிர் காக்கக் கற்றவர்கள் அவர்கள். கடலைப் பற்றிய எச்சரிக்கை அப்பொழுதே வெளியிடப்பட்டிருந்தது. ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இவ்வெச்சரிக்கைகளை விடுக்கிறது. வானொலியிலும் செய்தித்தாளிலும் கைப்பேசியிலும் அவற்றைக் காணலாம். வண்டி நேரத்தைப் பார்ப்பதுபோல் இதனையும் பார்த்துவிட்டே கடற்கரைக்குச் செல்ல வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில், விவேகானந்தர் பாறையில் இருந்த நூற்றுக்கணக்கானோர் கரை திரும்ப முடியாமல் தவித்தனர். மணக்குடிப் பாலம் உடைந்து போயிற்று. குளச்சலிலும் மணக்குடியிலும் உயிரிழப்பு பெரிது. கடல் திடீரென உள்வாங்கினால், வேடிக்கை பார்க்க இறங்காமல் உடனே மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை அந்நாள் நமக்குக் கற்பித்தது. கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டவர் அதனை எதிர்த்து நீந்திக் களைத்துப் போகலாகாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு நின்ற பின்னர் கரையை நோக்கி வரவேண்டும். பாறைகள் நிறைந்த குமரியில் அனுமதிக்கப்பட்ட இடத்திலன்றி வேறெங்கும் நீராடுதல் தகாது. உள்ளூர் மீனவர் ஒருவர் "இறங்காதே" என்று சொன்னால், அச்சொல்லை மறுவார்த்தையின்றி ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடல் இடந்தராத நாளில் பிரயாணம் வீணாயிற்று என்று சோர வேண்டுவதில்லை. நாகர்கோவில் சாலையில் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் இருக்கிறது. அதன் இசைத் தூண்கள் கல்லில் அமைந்த வியப்பு. கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், கடலைத் தொட்டு நிற்கும் வட்டக்கோட்டை உண்டு. தக்கலைக்கு அருகே பத்மநாபபுரத்து மரவேலை அரண்மனை, தமிழக மண்ணில் இருந்தும் கேரள அரசின் பொறுப்பில் காக்கப்பட்டு வருகிறது. திங்கட்கிழமை அங்கே விடுமுறை. திரும்பும் வழியில் தோவாளைப் பூச்சந்தையை விடியற்காலையில் கண்டால், பல ஊர்களுக்கும் பூக்கள் மூட்டை மூட்டையாகப் புறப்படும் காட்சியைக் காணலாம்.

அன்று படகு நின்றதற்கு வருந்திய அம்மாணவிக்கு நான் தென்கடல் அலைகளின் கதையைச் சொன்னேன். பிற மாணவரும் கூடி நின்று கேட்டனர். பின்னர் எல்லோரும் சுசீந்திரம் சென்று வந்தோம். பாறையைப் பார்க்க மற்றொரு நாள் வரும். அந்த நாளில் வருவதற்கு நாம் இருக்க வேண்டும். ஆகவே, மாணவர்களே, குமரிக்கு வாருங்கள். வழியை விசாரித்து, காலத்தைக் கணித்து, கடலின் நிலையைக் கேட்டறிந்து வாருங்கள். கண்டு மகிழ்ந்து, வீட்டில் காத்திருப்போரிடம் நலமே திரும்பிச் செல்லுங்கள்.