உங்களுக்குத் தெரியுமா? ஆலைக்கு முன்னே தயாராகும் ஆட்கள்

புதிய ஆலைக்கு நிலமும் வரிச்சலுகையும் தருவதாகச் சொல்லாத அரசு அரிது. அமெரிக்காவின் தென் கரோலினா 1961-லேயே இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டது: ஆலையைக் கட்டுங்கள், ஆட்களை நாங்கள் பழக்கித் தருகிறோம்!

பருத்தி வயலையும் நூற்பாலையையும் நம்பியிருந்த மாநிலம் அது. ஆளுநர் எர்னஸ்ட் ஹாலிங்ஸ் காலத்தில் தொழில்நுட்பப் பயிற்சி மையங்களுக்கு வித்திடப்பட்டது. முதல் மையம் 1962-இல் கிரீன்வில் நகரில் திறந்தது. வருகிற நிறுவனத்துக்கென்றே ஆள் தேர்வு, தனிப் பாடத்திட்டம், பயிற்சி என எல்லாவற்றையும் மாநிலமே பார்த்துக்கொண்டது. இன்று இத்திட்டத்தின் பெயர் ‘ரெடி எஸ்சி’.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1992-இல் கார் நிறுவனமான பிஎம்டபிள்யூ இம்மாநிலத்தின் ஸ்பார்டன்பர்க் பக்கம் ஆலை அமைப்பதாக அறிவித்தது. 1994-இல் முதல் கார் வெளிவந்தது. கார் தயாரிப்பில் முன் அனுபவம் இல்லாத வட்டாரம் என்பதுதான் இதில் சுவாரசியம். (சார்லஸ்டன் துறைமுகமும் சலுகைகளும்கூட அந்த முடிவுக்குக் காரணம். பயிற்சி மட்டுமே இழுத்து வந்தது என்றால் அது மிகை.)

பக்கத்து மாநிலமான ஜார்ஜியா சும்மா இருக்குமா? 1967-இல் ‘குயிக் ஸ்டார்ட்’ என்ற இதேபோன்ற திட்டத்தைத் தொடங்கி, தகுதியுள்ள நிறுவனங்களுக்கு இலவசமாகவே பயிற்சி தருகிறது. வெஸ்ட் பாயின்ட் நகரில் கியா ஆலை 2009-இல் கார் தயாரிக்கத் தொடங்கும் முன்பே அங்கே பயிற்சி மையம் இயங்கிக்கொண்டிருந்தது.