ஒரே பாட்டு ஐந்து இடத்தில்! அழிப்பதற்கு முன் யோசிக்க வேண்டியவை

பாட்டு இல்லாத தமிழர் வீடு உண்டா? மலேசியாவானாலும் சிங்கப்பூரானாலும், ஒரு காலத்தில் வரவேற்பறை அலமாரி நிறைய ஒலிநாடாக்கள் இருந்தன. தேக்காவிலும் பிரிக்ஃபீல்ட்சிலும் வாங்கிய குறுந்தட்டுகள் அதன்பின் அந்த இடத்தைப் பிடித்தன. 1995ஆம் ஆண்டு எம்பி3 என்ற பெயர் வழக்கிற்கு வந்தது. சில ஆண்டுகளில் அலமாரியே கணினிக்குள் புகுந்துவிட்டது. 700 மெகாபைட் கொண்ட ஒரே தட்டில் ஏறத்தாழ 140 பாடல்களை அடைக்க முடிந்ததால் சேமிப்பு பெருகியது. கூடவே ஒரு தொல்லையும் பெருகியது. அதுதான் ஒரே பாடல் பல இடங்களில் கிடப்பது.

'இடம்தானே, போனால் போகட்டும்' என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் ஒரு மென்பொருளை இறக்கி, ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். முன்னவருக்கு நஷ்டம் கொஞ்சம்தான். பின்னவருக்கோ திரும்பக் கிடைக்காத இழப்பு நேரக்கூடும்.

இரட்டைகள் எப்படிப் பிறக்கின்றன?

முதல் காரணம் தொகுப்புகள். ஒரு பாடல் அதன் படத் தட்டில் இருக்கும். பாடகரின் 'ஹிட்ஸ்' தட்டிலும், இசையமைப்பாளரின் 'ஹிட்ஸ்' தட்டிலும், 'காதல் பாடல்கள்' தட்டிலும் அதே பாடல் இருக்கும். நான்கையும் கணினியில் ஏற்றினால் நான்கு பிரதிகள்.

இரண்டாவது காரணம் மென்பொருளின் அமைப்பு. 2001ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐடியூன்ஸ் போன்ற மென்பொருள்களில், பாடலைச் சேர்க்கும்போதே அதைத் தன் கோப்புறைக்குள் நகலெடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. பழைய கோப்பு பழைய இடத்திலேயே இருக்கும், புதிய நகல் இன்னோர் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அந்தப் பழைய கோப்புறையை யாராவது மறுபடி சேர்த்தால், பட்டியலில் பாடல் இரண்டாகிவிடும்.

மூன்றாவது காரணம் பாதுகாப்புக்காக எடுத்த நகல்கள். பழைய கணினியிலிருந்து வெளி வன்தட்டுக்கு ஒரு முறை, அங்கிருந்து புதிய கணினிக்கு ஒரு முறை, கைப்பேசிக்கு ஒரு முறை என்று மாற்றி மாற்றி வைத்ததில் எது மூலம், எது நகல் என்பதே மறந்துபோகிறது.

கணினிக்கு எப்படித் தெரியும்?

இரண்டு கோப்புகள் ஒன்றா, வேறா என்று பார்க்க மூன்று வழிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஏமாறும் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

முதல் வழி, கோப்பையே எண்ணாக்கிப் பார்ப்பது. எம்டி5 போன்ற கணக்கீட்டு முறைகள் கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு குறியீட்டு எண்ணாகச் சுருக்குகின்றன. ஒரு பைட் மாறினாலும் எண் மாறிவிடும். எண் ஒன்றாக இருந்தால் அவை நகல்களே என்று நம்பி அழிக்கலாம். ஆனால் இந்த வழி பல இரட்டைகளைக் கண்டுபிடிக்காது. பாடலின் பெயர், பாடகர், படம் ஆகிய விவரங்கள் எம்பி3 கோப்புக்குள்ளேயே ஒரு சீட்டுபோல் ஒட்டப்பட்டுள்ளன. அந்தச் சீட்டில் ஓர் எழுத்தைத் திருத்தினால் போதும், இசையில் மாற்றமே இல்லாவிட்டாலும் கணினி அதை வேறு கோப்பு என்றே சொல்லும்.

இரண்டாவது வழி, அந்தச் சீட்டைப் படிப்பது. தமிழ்ப் பாடல்களுக்கு இதில்தான் சிக்கல் அதிகம். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுத ஒரே முறை இல்லை. இளையராஜா என்ற பெயரையே ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் எழுதுகிறார். 'எஸ்.பி.பி.' என்று ஒரு தட்டிலும் முழுப் பெயர் இன்னொரு தட்டிலும் இருக்கும். மனிதர் கண்ணுக்கு ஒருவரே, கணினிக்கு மூன்று பேர். போதாக்குறைக்கு, ஐடி3 எனப்படும் அந்தச் சீட்டின் முதல் வடிவத்தில் தலைப்புக்கு 30 எழுத்துகளுக்கே இடம் இருந்தது. நீளமான பாடல் வரிகள் பாதியில் வெட்டுப்பட்டன.

மூன்றாவது வழி, ஒலியையே கேட்டு ஒப்பிடுவது. மனிதர்களின் கைரேகைபோல் ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் ஓர் ஒலிரேகை உண்டு. மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் என்ற இலவச மென்பொருள் இந்த முறையைப் பயன்படுத்துகிறது. பெயர் தப்பாக இருந்தாலும், தரம் கூடக் குறைய இருந்தாலும், இது பெரும்பாலும் பாடலை அடையாளம் கண்டுகொள்ளும்.

ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றல்ல

இங்கேதான் நிதானம் தேவை. 1963ஆம் ஆண்டு வந்த 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தின் தலைப்புப் பாடல் ஜோடிப் பாடலாகவும் தனிப் பாடலாகவும் உண்டு. பெயரை மட்டும் பார்த்து அழித்தால் இரண்டில் ஒன்று காணாமல் போகும். 1992ஆம் ஆண்டு 'ரோஜா' படத்தில் மின்மினி பாடிய 'சின்னச் சின்ன ஆசை'யை, அதே மெட்டில் இந்தியிலும் அவரே பாடினார். மெட்டு ஒன்று, குரல் ஒன்று, ஆனால் பாடல் வேறு. மகிழ்ச்சியாக ஒரு முறை, சோகமாக ஒரு முறை என்று ஒரே பல்லவி இரண்டு தடவை வருவதும் தமிழ்த் திரைப்படத்திற்குப் புதிதல்ல.

பழைய பாடல்களில் நீளமும் மாறும். அக்காலத்து 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பதிய முடிந்தது. அதனால் படத்தில் வரும் பாடலும் இசைத்தட்டில் வரும் பாடலும் ஒரே அளவில் இருப்பதில்லை. நேர வித்தியாசம் ஓரிரு விநாடிகள் என்றால் அது பதிவு மாற்றத்தால் வந்ததாக இருக்கலாம். அரை நிமிடம் என்றால், கேட்டுப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது 'டிராக் 01' என்ற பெயர். பெரும்பாலான இசைக் குறுந்தட்டுகளில் பாடல்களின் பெயர்கள் பதிவாகியிருப்பதில்லை. மென்பொருள் இணையத்தில் தேடித்தான் பெயர்களைச் சேர்க்கிறது. இணையத்தில் இல்லாத தட்டு என்றால் 'டிராக் 01', 'டிராக் 02' என்று எண் கொடுத்துவிடுகிறது. இணையத்தில் இல்லாத தட்டுகள் எவை? கல்யாண வீட்டில் பதிந்த நாதஸ்வரம், கோயில் திருவிழாவில் பிள்ளைகள் பாடிய தேவாரம், ஒலிநாடாவிலிருந்து மாற்றிய பாட்டியின் தாலாட்டு. உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத பதிவுகள் இவை. பெயரை மட்டும் பார்க்கும் மென்பொருளோ, பத்து 'டிராக் 01' இருந்தால் ஒன்பதை இரட்டை என்று சொல்லிவிடும். இந்த ஒரு காரணத்திற்காகவே கண்ணை மூடிக்கொண்டு அழிக்கக் கூடாது.

எதை வைத்துக்கொள்வது?

விநாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஐந்து நிமிடப் பாடல் ஏறத்தாழ 4.8 மெகாபைட் பிடிக்கும். 320 தரத்தில் 12 மெகாபைட் பிடிக்கும். பொதுவாகப் பெரியதே நல்லது. ஆனால் 128இல் இருந்ததை யாரோ 320ஆக மாற்றியிருந்தால் அளவுதான் பெருக்கும், இழந்த ஒலி திரும்பி வராது. ஆகவே அசல் தட்டிலிருந்து எடுத்தது எது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் காதே நீதிபதி.

இன்னொன்றும் உண்டு. விருப்பப் பட்டியலில் சேர்த்த பிரதியை அழித்துவிட்டு வேறொன்றை வைத்துக்கொண்டால், பட்டியலில் அந்த இடம் வெற்றிடமாகும். படத் தட்டின் வரிசை குலையாமல் இருக்க வேண்டுமானால் படத் தட்டுப் பிரதியை வைத்துக்கொண்டு, 'ஹிட்ஸ்' தொகுப்பைப் பட்டியலாக மாற்றிக்கொள்ளலாம்.

படிப்படியாகச் செய்யலாம்

முதலில் முழுச் சேமிப்பையும் வேறொரு வன்தட்டில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். அடுத்து, வீட்டுப் பதிவுகளைத் தனிக் கோப்புறைக்கு மாற்றி, யார் பாடியது, எந்த ஆண்டு என்று பெயரிட வேண்டும். அந்தக் கோப்புறை பக்கம் எந்த மென்பொருளையும் விடக் கூடாது.

பிறகு அச்சு அசலான நகல்களை நீக்கலாம். அதன்பின் பெயர்களை ஒரே எழுத்து முறைக்குக் கொண்டுவந்தால் மிச்சம் உள்ள இரட்டைகள் தாமாகவே வெளிப்படும். மேக் கணினிகளில் 2019ஆம் ஆண்டு ஐடியூன்ஸின் இடத்தைப் பிடித்த மியூசிக் செயலியிலும் இரட்டைகளைக் காட்டும் வசதி உண்டு. நீக்க நினைப்பவற்றை உடனே அழிக்காமல் தனிக் கோப்புறையில் ஒரு மாதம் வைத்திருப்பது புத்திசாலித்தனம். ஒரே நாளில் முடிக்க வேண்டிய வேலையுமல்ல இது. வாரம் ஓர் எழுத்து என்று எடுத்துக்கொண்டாலே போதும்.

வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டால் வேலை எளிதாகும். எந்தக் குரல் யாருடையது என்பது கணினிக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்லச் சொல்லப் பெயர்களை எழுதி வைப்பது, இரட்டைகளை நீக்குவதைவிடவும் அவசரமான வேலை.