நேரம் தப்பிய தூக்கம்

அமெரிக்காவில் குடியேறிய பிள்ளைகள் குற்றாலச் சாரலை ஒட்டிக் கடையத்துக்கு வரும்போதும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இங்குள்ள பெற்றோர் அங்கே செல்லும்போதும், ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் தூக்கக் கோளாறு வெறும் பயண அலுப்பு என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. அலுப்பு ஓரிரவு உறங்கினால் தீரும். ‘ஜெட் லாக்’ எனப்படும் இக்கோளாறோ, உடலின் உள்நேரமும் சென்றடைந்த ஊரின் நேரமும் ஒன்றாகும்வரை தீராது.

அந்த உள்நேரத்தைக் காப்பது, மூளையின் அடிப்பகுதியில் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே அமைந்த, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு தொகுதியாகும். பெரும்பாலோரிடம் அதன் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீண்டிருப்பதால், அதைப் பின்தள்ளுவது எளிது, முன்னிழுப்பது கடினம். மேற்கே பறந்தவர் உடல் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரமும், கிழக்கே பறந்தவர் உடல் சுமார் ஒரு மணி நேரமும் சரிசெய்துகொள்கிறது.

உடலின் உள்நேரத்தை ஆராயும் துறைக்குத் தமிழ்நாடு அளித்த பங்கு போதிய அளவு பேசப்படவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும், குகை இருளில் வாழும் வௌவால்களை ஆராய்ந்து, தனியே அடைக்கப்பட்ட வௌவால், தன் இனம் கூட்டமாகப் பறந்து சென்று திரும்பும் குகையில் இருந்தால் அக்கூட்டத்தின் நேரத்தையே பின்பற்றுகிறது என்றும், இனத்தார் இல்லாத குகையில் அதன் நேரம் நாள்தோறும் விலகிச் செல்கிறது என்றும் 1981-இல் வெளியிட்டனர். வெளி ஒளியும் கடிகாரமும் எட்டாத தனிமை அறை அமைத்து மனிதரின் உறக்கத்தையும் அவர்கள் ஆராய்ந்தனர். மனிதருக்கும் வீட்டாரின் சாப்பாட்டு நேரமும் பேச்சும் ஓரளவு உதவும். எனினும் உள்நேரத்தை நகர்த்தும் ஆற்றல் ஒளிக்கே மிகுதி.

ஆனால் ஒளி எப்போது படுகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வழக்கமாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடல்வெப்பம் மிகக் குறைந்த நிலையை அடைகிறது. அந்நேரத்துக்கு முன் கண்ணில் படும் ஒளி உள்நேரத்தைப் பின்தள்ளும், பின் படும் ஒளி முன்னிழுக்கும். கடையத்தில் விடியற்காலை 4 மணிக்கு அந்நிலையை அடையும் ஒரு தாய் ஜூன் மாதம் நியூயார்க்கில் இறங்கினால், நேர வேறுபாடு ஒன்பதரை மணி ஆதலால், அங்கே அது மாலை 6.30 மணிக்கு நிகழும். எனவே முதல் நாட்களில் பிற்பகல் 3 மணி முதல் 6 மணி வரை அவர் வெளியில் நடமாடுவதே தக்க மருந்து. நடப்பதோ நேர்மாறு: அந்நேரம் திரைச்சீலை இழுத்த அறையில் அயர்ந்து உறங்கிவிட்டு, நள்ளிரவு ஒரு மணிக்கு அடுப்படி விளக்கைப் போட்டுக் காபி கலக்கிறார், வேண்டிய ஒளி ஒவ்வொரு நாளும் கைநழுவுகிறது.

அங்கிருந்து கடையம் வரும் மகனுக்கோ அந்நிலை முதல் நாளில் பிற்பகல் 2 மணியளவில் வரும். நேர வேறுபாடு எட்டு ஒன்பது மணிக்கு மேற்பட்ட கிழக்குப் பயணத்தில், முன்னிழுப்பதைவிடப் பின்தள்ளுவதே இயலும் என வல்லுநர் பலர் கருதுவதால், அவர் காலை முதல் ஒரு மணி வரை வெளியில் இருந்துவிட்டு, பிற்பகலில் வீட்டுக்குள் ஒதுங்கியிருந்து, இந்த எல்லையை நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் தள்ளிக்கொண்டே போக வேண்டும். வந்த அன்றே மாலையில் இராமநதி அணைக்கு அழைத்துச் செல்வது அன்புதான், ஆனால் அவர் உடலை எதிர்த்திசையில் இழுக்கும். சாரல் மூட்டத்தில் வெளிச்சம் ஏது என்று தயங்க வேண்டியதில்லை. டியூப்லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸே இருக்க, மேகம் மூடிய முற்றத்திலும் பகலில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் ஒளியை அளக்கும் அலகு.

தூக்க மாத்திரை உறக்கத்தைத் தருமே தவிர உள்நேரத்தை நகர்த்தாது. இருளில் மூளை சுரக்கும் மெலடோனினை, சென்ற ஊரில் படுக்கும் நேரத்தையொட்டி 0.5 முதல் 5 மில்லிகிராம் வரை உட்கொள்வது பயன்தரும் என 2002-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கண்டது. வேறு நேரத்தில் உட்கொண்டால் சரியாவது தாமதப்படும். வலிப்பு நோயுள்ளவரும், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்பவரும் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடக்கூடாது.

துஷ்டிக்கு என்று மூன்றே நாள் வந்து திரும்புபவர் உள்நேரத்தை மாற்ற முயலவே வேண்டாம். மாறி முடிவதற்குள் திரும்பும் நாள் வந்துவிடும். உறக்கம் வரும்போது அரை மணி நேரம் கண்ணயர்ந்து கொள்வதும், கார் ஓட்டாமல் இருப்பதும் அவருக்குப் போதும்.