கூளையனின் கதையை யார் சொல்வது?

கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி. திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டுக்காடுகளில் ஆடு மேய்க்கும் இந்தப் பிள்ளைகளுக்கு உடம்பின் அடையாளமே பெயர். பெருமாள்முருகன் எழுதி 2000-ல் வெளிவந்த 'கூளமாதாரி' நாவலின் நாயகர்கள் இவர்கள்தான். அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள். கவுண்டர்களின் பண்ணயத்தில் வருஷக் கூலிக்கு விடப்பட்டவர்கள்.

எழுதியவரோ வரப்புக்கு மறுபக்கத்துக்காரர். 1966-ல் திருச்செங்கோடு அருகே, கொங்கு வேளாளர் சமூகத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். வேலை வாங்கிய வீட்டுப் பிள்ளை, வேலை செய்த வீட்டுப் பிள்ளையின் கதையைச் சொன்னால் எதைப் பார்ப்பார்? எதைப் பார்க்காமல் விடுவார்? இதே கேள்வியை அமெரிக்கா பல காலமாகத் தன் செல்ல நாவல் ஒன்றிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

தெப்பத்தில் ஒரு நட்பு

மார்க் ட்வைன் எழுதிய 'ஹக்கிள்பெரி ஃபின்' 1884-85-ல் வெளிவந்தது. அடித்து நொறுக்கும் அப்பனிடமிருந்து தப்பிய வெள்ளைக்காரச் சிறுவன் ஹக். தன்னை விற்றுவிடப் போகிறார்கள் என்று தெரிந்து ஓடிவந்த கறுப்பின அடிமை ஜிம். மிசிசிப்பி ஆற்றில் இருவரும் ஒரே தெப்பத்தில் மிதக்கிறார்கள். ஜிம்மைக் காட்டிக்கொடுக்காவிட்டால் நரகம்தான் என்று ஊர் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நரகத்துக்கே போகிறேன், காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று ஹக் முடிவெடுக்கும் இடம் உலகப் புகழ் பெற்றது.

ஆனால் அதே ஜிம், நாவலின் தொடக்கத்தில் பேய்க்குப் பயந்த கோமாளி. கடைசி அத்தியாயங்களில் மறுபடியும் கோமாளி ஆக்கப்படுகிறான். எஜமானி தன் உயிலில் அவனுக்கு எப்போதோ விடுதலை கொடுத்துவிட்டாள். அது தெரிந்தும் டாம் சாயர் என்ற பையன், விளையாட்டுக்காக அவனைப் பூட்டிய கொட்டகையிலேயே தவிக்க விடுகிறான். கறுப்பின மக்களை இழிவாகச் சுட்டும் ஒரு சொல் 200-க்கும் மேற்பட்ட தடவை வருகிறது. இதனாலேயே 1957-ல் நியூயார்க் நகரக் கல்வித் துறை தன் பாடநூல் பட்டியலிலிருந்து இந்த நாவலை எடுத்தது. 2011-ல் ஒரு பதிப்பகம் அந்தச் சொல்லுக்குப் பதில் 'அடிமை' என்று போட்டுப் புதுப் பதிப்பே கொண்டுவந்தது. சொல்லை மாற்றினார்கள். கோமாளித்தனம் அப்படியே இருந்தது.

பட்டிக்குத் திரும்பும் நேரம்

கூளையனை எந்த இடத்திலும் பெருமாள்முருகன் கோமாளி ஆக்கவில்லை. இதுதான் முதல் வேறுபாடு. கூலிக்கார வீட்டுப் பிள்ளை என்றால் அழுதுகொண்டே இருக்கும் என்ற வழக்கமான சித்திரமும் இங்கே இல்லை. ஆடுகளின் குணம், காற்றின் போக்கு, பனையின் பருவம் எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். விளையாட்டும் சண்டையும் கேலியும் உண்டு. பகலில் மேட்டுக்காடு அவர்கள் ராஜ்ஜியம்.

பண்ணயக்காரர் மகன் செல்வனும் கூளையனோடு சேர்கிறான். ஆற்றில் மிதக்கும் தெப்பத்தில் ஹக்கும் ஜிம்மும் ஊருக்கு வெளியே இருந்தார்கள். மேட்டுக்காட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பொழுது சாய்ந்தால் ஆடுகளைப் பட்டியில் அடைக்க வேண்டும். செல்வன் வீட்டுக்குள் போவான், கூளையன் வாசலோடு நிற்பான். ஹக் ஓர் ஏழை, வீட்டை விட்டு ஓடியவன். செல்வன் நாளை அந்தக் காட்டுக்கே சொந்தக்காரன். அன்பு இருந்தாலும் இருவரும் சமமாக முடியாது என்பதை நாவல் மறைக்கவில்லை. ஒரு திருட்டுக்குத் தண்டனையாகக் கூளையன் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்படும் பகுதியைப் படித்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. பிள்ளையைப் பண்ணயத்தில் விடும் வழக்கம் சட்டம் வந்த மறுநாளே நின்றுவிடவில்லை. கணக்குப் புத்தகங்களில் ஏறாத அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை இந்த நாவலில் பதிவாகியிருக்கிறது.

பெயர் தொலைந்த இடம்

கொங்கு நாட்டில் 'மாதாரி' என்பது அருந்ததியரைக் குறிக்கும் பெயர். கூளையான மாதாரி, கூளமாதாரி. உடம்பின் அடையாளமும் சாதியும் சேர்ந்ததுதான் அந்தச் சிறுவனின் முழு முகவரி என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. 2004-ல் வ.கீதாவின் நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது நாவலின் பெயர் 'சீசன்ஸ் ஆஃப் தி பாம்' ஆயிற்று. கூளையன் 'ஷார்ட்டி' ஆனான். பனை கடல் தாண்டிப் போனது. மாதாரி என்ற சொல் அட்டையிலிருந்து இறங்கிக்கொண்டது. அந்தச் சொல்லின் கனத்தை எந்த மொழியிலும் எளிதில் தூக்கிப் போக முடியாதுதான். ஆனால் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவருக்கு அந்த இரண்டு தலைப்புகளும் ஒன்றல்ல.

அடுத்த குரல்

எவ்வளவு நேர்மையாக எழுதினாலும், செல்வன் வீட்டுத் திண்ணையிலிருந்து தெரிவதற்கு ஓர் எல்லை உண்டு. காட்டில் கூளையன் எப்படி இருந்தான் என்பது அங்கிருந்து தெரியும். வளவுக்குள் ராத்திரியில் அவன் அம்மா என்ன பேசினாள், பிள்ளையை விட்டுவிட்டு வந்த அப்பனுக்குத் தூக்கம் வந்ததா என்பதை வளவுக்குள் வளர்ந்தவர்தான் உள்ளிருந்து எழுத முடியும்.

அமெரிக்காவில் அது நடந்தது. கறுப்பின எழுத்தாளர் பெர்சிவல் எவரெட், அதே கதையை ஜிம்மின் வாயால் சொல்லி 2024-ல் 'ஜேம்ஸ்' நாவலை எழுதினார். அதில் ஜிம் எழுதப் படிக்கத் தெரிந்தவன். வெள்ளைக்காரர் முன்னால் மட்டும் தெரியாதவன் போலப் பேசி நடிக்கிறான். ட்வைன் காட்டிய கோமாளித்தனம் உயிர் பிழைக்கப் போட்ட வேஷம் என்று ஆகிவிடுகிறது. அந்த நாவலுக்கு 2025-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

தமிழிலும் ம.மதிவண்ணன் போன்றவர்கள் அருந்ததியர் வாழ்வை உள்ளிருந்து எழுதிவருகிறார்கள். தமிழ்நாடு அரசு 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவிகித உள் ஒதுக்கீடு கொடுத்தது. அந்தச் சட்டத்தில் உள்ள ஏழு சாதிகளில் மாதாரியும் ஒன்று. பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. சேலம், நாமக்கல் கல்லூரி வகுப்புகளில் இன்று கூளையனின் பேத்தியும் செல்வனின் பேரனும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்காரலாம். இருவர் கையிலும் 'கூளமாதாரி' இருக்கட்டும். படித்து முடித்ததும் முதலில் பேச வேண்டியவள் அந்தப் பேத்தி.