தை வெயில் தேடி

வண்டியூர்த் தெப்பக்குளத்தின் கிழக்குப் பார்த்த படிகளில் தை மாதத்துக் காலை வெயில் விழும்போது, நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் நிழலுக்கு ஒதுங்காமல் அதிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும். பங்குனி அனல் இன்னும் தொடங்கியிருக்காது. ஜனவரியில் மதுரைப் பகல் சுமார் 30 டிகிரி, இரவு 20 டிகிரி. அதே மாதத் தொடக்கத்தில் ஆஸ்லோவில் மூன்றரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. குளிர்காலத்தில் வெயில் தேடிப் பயணம் போவது ஐரோப்பாவில் ஏன் இத்தனை பெரிய வழக்கமானது என்பது, இந்தப் படியில் உட்கார்ந்து யோசித்தால் விளங்கும்.

அன்று அந்தப் பயணம் மாதக்கணக்கில் நீண்டது. 19ஆம் நூற்றாண்டில் வசதியுள்ள ஆங்கிலேயர்கள் டிசம்பரில் பிரான்சின் தென்கரைக்குப் போனால் வசந்தத்தில்தான் ஊர் திரும்புவார்கள். நீஸ் நகரின் கடற்கரைச் சாலை இன்றும் ஆங்கிலேயர் பெயரையே தாங்கி நிற்கிறது. அந்தக் கரை முதலில் குளிர்கால ஊராகத்தான் புகழ்பெற்றது. கோடையில் கடலாட வரும் வழக்கம் 1920களில்தான் பரவியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு, இன்னும் அதிகப் பணமும் நேரமும் உள்ளவர்கள் எகிப்துக்கும், அதைத் தாண்டிக் கொழும்புக்கும் வந்தார்கள்.

கொழும்பில் இறங்கியவருக்கு மதுரை எட்டாத தூரமில்லை. திருச்சியிலிருந்து ரயில் 1875இல் மதுரையைத் தொட்டது. அடுத்த ஆண்டு தூத்துக்குடிக்குப் போனது. கப்பலில் தூத்துக்குடி, அங்கிருந்து ரயிலில் மதுரை. 1914இல் தனுஷ்கோடி வழியாகக் கப்பலோடு இணைந்த போட் மெயில் ரயில் வந்ததும் பயணம் இன்னும் எளிதாயிற்று. தென்னிந்திய ரயில்வே படங்களோடு பயணிகளுக்கு வழிகாட்டி நூலே வெளியிட்டது. மீனாட்சி கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம் மூன்றும் மதுரையில் தவறாமல் பார்க்க வேண்டியவை. ரயில் வருவதற்கு முன்பே, 1858இல், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் இந்தத் தெப்பக்குளத்தைப் படமெடுத்திருக்கிறார். இங்கேயே குடியிருந்த வெள்ளையர்களின் கதை வேறு. மதுரையின் அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் கோடையைத் தாங்க முடியாமல் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டார்கள். வெயிலுக்கு அஞ்சி ஓடியவர்களும் வெயிலைத் தேடி வந்தவர்களும் ஒரே ஊர் வழியாகத்தான் போயிருக்கிறார்கள்.

இன்று வெயில் தேடுபவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. மியூனிக்கிலும் டப்ளினிலும் ஸ்டாக்ஹோமிலும் வேலை பார்க்கும் மதுரைப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸை ஒட்டிக் கிடைப்பது பத்துப் பதினைந்து நாள். மதுரைக்கு ஐரோப்பாவிலிருந்து நேர் விமானம் கிடையாது. எங்காவது மாறித்தான் வரவேண்டும். டிசம்பரில் டிக்கெட் விலையும் ஏறிக் கிடக்கும். நாலு பேர் உள்ள குடும்பம் ஒவ்வோராண்டும் வந்து போக முடியாது. "இந்த வருசம் பக்கத்துலயே எங்கயாவது போயிட்டு வர்றோம்மா" என்று அவர்கள் சொல்லும்போது அம்மாக்களுக்கு முகம் வாடுகிறது. ஆனால் பிள்ளைகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாலு மணிக்கே இருட்டும் ஊரில் மூன்று மாதம் அடைந்து கிடப்பவர்களுக்கு வெயில் வேண்டும்.

போவதென்றால் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரைபடத்தில் தெற்கே இருக்கிறதே என்று சைப்ரஸையோ கிரீட்டையோ ஜனவரிக்குத் தேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சலாம். மத்திய தரைக்கடலுக்குக் குளிர்காலமே மழைக்காலம். நீஸில் பகல் 13 டிகிரியைத் தாண்டுவதே பெரிது. ஸ்பெயினின் மாலகாவில் 17. நம்பிப் போகத்தக்கவை ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய கேனரித் தீவுகள். ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமானவை. ஜனவரிப் பகலில் 20, 21 டிகிரி, அதாவது மதுரையின் ஜனவரி இரவு. 1950களின் இறுதியிலேயே சுவீடன்காரர்கள் தனி விமானம் அமர்த்தி அங்கே போகத் தொடங்கிவிட்டார்கள். அங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. டெனெரீஃப் தீவின் நடுவே 3,715 மீட்டர் உயர டெய்டே மலை நிற்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று மேகத்தை வடபக்கமே இறக்கிவிடுவதால் தென்பக்கம் வறண்டு வெயிலாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப்புறம் ஆனி ஆடியில் கொட்டித் தீர்க்க, இந்தப்புறம் மதுரைச் சீமை காய்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தென்பக்கத்தில் அறை எடுங்கள். ஜெர்மனியில் குடியிருப்பு அனுமதி உள்ளவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. லண்டனிலோ டப்ளினிலோ இருக்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகும் எனக்கு ஓர் ஆதங்கம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் சின்ன வயதில் பார்த்த தெப்பக்குளம் வேறு. திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய, ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர் நீளும் குளம் பல ஆண்டுகள் காய்ந்து கிடந்தது. உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். தெப்பத் திருவிழாவுக்கு மட்டும் தண்ணீர் விடுவார்கள். அதுவும் இயலாத ஆண்டுகளில் நிலைத்தெப்பம்தான். சில ஆண்டுகளுக்கு முன் வைகையிலிருந்து வரும் கால்வாயைச் சீர்செய்தபின் குளம் நிரம்பியது. இப்போது மைய மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் அலையடிக்கிறது, படகு போகிறது. தைத் தெப்பத்தன்று மீனாட்சியும் சொக்கரும் இங்கே எழுந்தருள, தெப்பத்தை மனிதர்களே வடம் பிடித்து இழுக்கிறார்கள். இருட்டியபின் விளக்குகளோடு வரும் சுற்றைப் பார்க்க நாலு கரையிலும் கூட்டம் நெருக்கும். பக்கத்தில் கீழடியில் 2023இல் அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள்.

சிக்கல் நாளில்தான். தெப்பம் தைப்பூசத்தை ஒட்டி வருவது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அது வராது. ஆனால் 2025இல் போல் பூசம் சில ஆண்டுகளில் பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை தள்ளிப் போகும். பிரான்சுப் பள்ளிகளுக்குப் பிப்ரவரியில் குளிர்கால விடுமுறை உண்டு. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவ வகுப்புகள் முடிவதும் ஏறத்தாழ அப்போதுதான். டிசம்பர் நெருக்கடி தணிந்து விமானக் கட்டணமும் இறங்கியிருக்கும். கேனரிக்கு டிக்கெட் போடுமுன் அடுத்தடுத்த ஆண்டுகளின் பஞ்சாங்கத்தைப் புரட்டி, பூசம் பிப்ரவரியில் விழும் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு கொழும்பு வழியாகவோ துபாய் வழியாகவோ மதுரைக்கு எடுங்கள்.